விளக்கை யார் முகத்துக்குப் பிடிப்பது

பாப்பா,

இத்தால் அறியத்தருவது யாதெனில், சென்ற மாதம் நான் உனக்கு அனுப்பிய மூன்று பக்க ஒப்பீட்டு அறிக்கையை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். அதில் உள்ள கருத்துகளைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தகவல் பிழையாகிவிட்டது. கண்டிக் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கியவன் நான். கருத்துப் பிழையை எவரும் கவனிப்பதில்லை என்பதும், தகவல் பிழை வந்தால் திருத்தம் வெளியிட்டே ஆகவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இது அந்தத் திருத்தம். நீளமாகத்தான் இருக்கும். பயந்த மனிதர்கள் சுருக்கமாக எழுதி நான் பார்த்ததில்லை.

பயம் என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவி வாசிக்கிறவள். எனக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பேராதனை ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்கிற கிளினிக்குக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். நீ நியூசிலாந்து வேலைக்குப் போவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டாயே, அதற்குக் காரணம் கம்பனி இல்லை, நான்தான் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா சொன்னாள். அவள்மீது கோபப்படாதே, நான் கேட்ட விதம் அப்படி. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல், நான் வழக்கமாகக் கிண்டல் எழுதுகிற நம் ஊர்ச் சிறு சஞ்சிகைக்கே கொடுக்கப்போகிறேன். நம் குடும்பமே மூன்று பேர். நான் உங்கள் இரண்டு பேருக்கும், நீங்கள் இரண்டு பேரும் எனக்கும் தெரியக்கூடாது என்று ஒரே விடயத்தை ஒளித்துக்கொண்டிருந்தோம். அச்சில் வந்துவிட்டால் ஒளிக்க இடமிருக்காது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பிரச்சினை ஒரு கணினி விளையாட்டில் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரை நாம் ஒருநாளும் சொன்னதில்லை. உறையில் மண்ணெண்ணெய் விளக்கோடு நின்ற பெண்ணைப் பார்த்து நீ "விளக்குக்காரி" என்றாய், அதுவே நிலைத்தது. அந்த வரிசையில் இரண்டாவது விளையாட்டுத்தான் நமக்குக் கிடைத்தது. டவுனில் வாங்கிய குறுந்தட்டு, மேலே மார்க்கர் பேனையால் எழுதிய பெயர். அசலா நகலா என்று கேட்டால் கடைக்காரர் நம்மை வேற்றூர்க்காரர் என்று நினைக்கிற காலம். மலைமேல் கைவிடப்பட்ட காசநோய் ஆஸ்பத்திரி ஒன்று. அங்கே நோயாளியாகப் போன அப்பாவைத் தேடி ஒரு மகள் போகிறாள். துப்பாக்கி, கத்தி எதுவும் கிடையாது, கையில் விளக்கு மட்டும். வார்டுகளில் பழைய நோயாளிகள் உலாவுகிறார்கள், அவர்களுக்கு உயிர் இருக்கிறதா என்பதை விளையாட்டு சொல்வதில்லை.

உனக்கு அப்போது பதினொரு வயது. ஞாயிறு பிற்பகல்களில் அம்மா கணிதம் டியூஷன் கொடுக்கப் போய்விடுவாள். நாம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவைத் தாழிட்டுவிட்டு, நம் மஹய்யாவ வீட்டின் முன்னறையை முடிந்தவரை காசநோய் ஆஸ்பத்திரி ஆக்குவோம். நீ கன்ட்ரோலரைப் பிடிப்பாய். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கொப்பியில் வரைபடம் வரைவேன், திரையில் வரும் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வேன். அரச மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேய் விளையாட்டு விளையாடிய பிள்ளை இலங்கையில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். "இதற்கு அப்பால் பிரவேசிப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது" என்று நான் வாசிப்பேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா, கதவு பூட்டுன்னு சொன்னா போதும்ப்பா. அதுக்குள்ள அந்த நோயாளி வந்துருவான்" என்பாய். முடிவில்லாமல் நீண்ட நடைபாதைக்கு நம் ஊர்ச் சுரங்கத்தின் பெயரையே, மஹய்யாவ சுரங்கம் என்று வைத்தோம். மருந்தறை நம் கச்சேரி. அங்கேதான் எல்லோரும் அசையாமல் நிற்பார்கள்.

நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக நீ புதிய விளையாட்டு யந்திரமும் அதோடு புதிய விளக்குக்காரியும் அனுப்பினாய். வரிசையின் அடுத்த பாகம் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி செய்தது. ஆங்கிலத்தில் ரீபூட் என்கிறார்கள். தமிழில் "மறுதொடக்கம்" என்று போடலாம். புதிய அரசாங்கம் வந்ததும் பழைய திட்டத்துக்குப் புதிய பெயர்ப்பலகை வைப்பதைப் பல தடவை மொழிபெயர்த்தவனுக்கு அந்த எண்ணம் புதிதல்ல. மூன்று கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒழுங்காக விளையாடினேன். பிறகுதான் அந்த அறிக்கையை எழுதினேன்.

அறிக்கையில் நான் சொன்னவற்றுள் நிற்கக்கூடியதை இங்கே மறுபடி பதிகிறேன். பழையதில் கமரா சுவர் மூலையில் ஆணியடித்ததுபோல நிற்கும், அவள் நடந்து வருவதை நாம் தூரத்தில் இருந்து பார்ப்போம். அடுத்த மூலையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியலாம், நமக்குத் தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். புதியதில் கமரா அவள் தோளில் கிளிப்பிள்ளைபோல ஏறி உட்கார்ந்திருக்கிறது, நாம் விரும்பிய பக்கமெல்லாம் திருப்பலாம். திருப்ப முடிந்தால் பாதிப் பயம் போய்விடுகிறது. மிச்சப் பாதியை ஈடுசெய்ய அவர்கள் இரத்தம் சேர்த்திருக்கிறார்கள்.

பழையதில் விளையாட்டைச் சேமிப்பது பெரிய காரியம். தாதிமாரின் மேசையில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். அதில் கையெழுத்திட்டால்தான் அதுவரை நடந்தது நிலைக்கும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு போத்தல் எண்ணெய் போய்விடும். "எண்ணெயாப்பா, ஞாபகமாப்பா?" என்று நீ கேட்பாய். நான் பெரும்பாலும் எண்ணெய் என்பேன், பிறகு கரண்ட் போய் எல்லாம் அழிந்து, நீ என்னோடு பேசாமல் இருப்பாய். புதியதில் அந்தப் பதிவேடு கிடையாது. நாம் ஒன்றும் செய்யாமலே மூலையில் சின்ன விளக்கு ஒன்று மினுக்கிவிட்டு எல்லாவற்றையும் அதுவே நினைவில் வைத்துக்கொள்கிறது. போதாததற்கு, திரையின் வலது மேல் மூலையில் எப்போதும் ஒரு வரி: "நோக்கம்: இரண்டாம் மாடிச் சாவியைத் தேடு." தரையில் போகவேண்டிய பக்கம் அம்புக்குறி. ஓர் அறைக்குள் நுழைந்த பிறகு எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிடுகிற ஆட்களுக்காகச் செய்த விளையாட்டு என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வரியை எழுதியபோது எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. போன வெள்ளிக்கிழமை குசினிக்குள் போய் நின்றேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. கண் தானாக வலது மேல் மூலைக்குப் போயிற்று. அங்கே ஒரு பல்லி இருந்தது. அதற்கு ஏதோ நோக்கம் இருந்தது.

இனிப் பிழைக்கு வருகிறேன். என் அறிக்கையின் முக்கியக் குற்றச்சாட்டு முடிவைப் பற்றியது. புதிய விளக்குக்காரி கடைசி வார்டில் அப்பாவைக் கண்டுபிடிக்கிறாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் தனியே திரும்பிப் போகிறாள். இது என்ன அநியாயம் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். பழையதில் அப்பாவும் மகளும் தொங்குபாலத்தைக் கடந்து தப்புகிறார்கள், துரத்தி வந்தவர்கள் அக்கரையில் நின்றுவிடுகிறார்கள், அந்த மகத்தான பாலத்தை நீக்கிவிட்டு இந்த அழுகையை வைத்தவர்களுக்கு மனச்சாட்சி இல்லை என்று வாதாடியிருந்தேன். நீ வட்ஸ்அப்பில் பதில் போட்டாய்: "ஆமாப்பா. புதுசுல கெடுத்துட்டாங்க." அதன் பிறகு ஒரு சிரிப்புப் படம்கூட இல்லை. வழக்கமாக நீ எனக்கு ஆறு போடுவாய். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

உன்னைச் சந்தோசப்படுத்த அந்தப் பழைய கொப்பியிலிருந்து பாலத்தின் படத்தைப் பிடித்து அனுப்பலாம் என்று அலுமாரியின் மேல்தட்டில் தேடினேன். கொப்பி கிடைத்தது. மஹய்யாவ சுரங்கம் இருந்தது, கச்சேரி இருந்தது, கடைசி வார்டு இருந்தது. பாலம் இல்லை. உறைக்குள் ஒரு சுற்றறிக்கை மடித்துச் செருகியிருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு தொங்குபாலம். கீழே என் கையெழுத்தில் மூன்று வரி. "விளையாட்டில் இப்படி இல்லை. பாப்பாவுக்கு இப்படிச் சொல்லவேண்டும். தட்டு கீறிவிட்டது என்று சொல்வது."

அந்தக் கடதாசியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அம்மா பின்னால் வந்து, "என்னங்க, ஏணியில நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?" என்றாள். நான் கடதாசியைக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள். உன் அம்மா ஏணியைப் பிடித்தால் விடை பெரிது என்று அர்த்தம்.

"எறங்குங்க மொதல்ல," என்றாள்.

"இது எப்ப எழுதுனேன்?"

"நீங்கதானே எங்கிட்ட வந்து சொன்னீங்க. புதன்கெழம காய்ச்சல்னு லீவு போட்டுட்டு, புள்ள ஸ்கூல் போனதும் ஒக்காந்து கடைசி வரைக்கும் ஆடிப் பாத்துட்டு, இந்த முடிவ புள்ளைக்குக் காட்ட முடியாதுன்னு மொகம் செத்துப்போயி நின்னீங்க. அந்த ஞாயிறே அவளப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயி, பாலத்துல நிக்கவச்சுக் கத சொன்னீங்க."

தோட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தொங்குபாலம் ஆடியது, நீ என் பெல்டைப் பிடித்துக்கொண்டது, உன் ஒற்றைப் பின்னலில் ஒரு இலை ஒட்டியிருந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் பாலத்தில் ஏறக்கூடாது என்று அங்கே ஒரு பலகை இருந்தது. அதனால்தான் துரத்தி வந்த நோயாளிகள் அக்கரையில் நின்றுவிடுகிறார்கள் என்று நான் சொன்னேனாம். பேய்கள்கூட அறிவித்தல் பலகைக்குக் கட்டுப்படும் என்பது என் உத்தியோக நம்பிக்கை, ஆகவே நான் சொல்லியிருப்பேன்தான். ஆனால் அதை நானே கட்டினேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. காய்ச்சல் லீவு ஞாபகம் இல்லை. அந்த முடிவைப் பார்த்து முகம் செத்துப்போனது ஞாபகம் இல்லை. என் பொய் எனக்குள்ளேயே உண்மையாகி, வேறு எவரோ செய்த விளையாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மூன்று கிழமைக்கு முன்பு அதை வைத்து நான் ஒரு கம்பனியைத் திட்டினேன்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கேம்பஸ்ல இருக்கும்போதே தெரியும். யாரோ கூட்டாளி கம்பியூட்டர்ல நெசமான முடிவப் பாத்துட்டு, எனக்குப் போன் பண்ணிச் சிரிச்சா. 'அப்பா எனக்காக ஒரு பாலமே கட்டியிருக்காரும்மா, நான் கேட்கவே மாட்டேன், அவரே சொல்லட்டும்'னா."

"இப்ப?"

"இப்ப ஒங்க அறிக்க வந்ததும் போன் பண்ணா. 'அப்பா பகிடிக்கு எழுதுறாரா, நெசமாவே நம்புறாராம்மா?'ன்னு கேட்டா."

"நீ என்னா சொன்ன?"

அவள் கடதாசியை மடித்தாள். "நெசமாத்தான்னு சொன்னேன். அழுதா. மறுநாள் பயணத்தத் தள்ளிப்போட்டுட்டேன்னு சொன்னா. ஒங்ககிட்ட கம்பனின்னு சொல்லச் சொன்னா."

பாப்பா, நான் இவ்வளவும் எழுதிய பிறகு நியாயமாக என் பக்கத்துப் பொய்யையும் எழுதவேண்டும். அறிக்கை எழுதுவதற்குச் சில நாள் முன்பு, ஒரு பகல், நான் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இருந்து வீட்டுக்கு வரவேண்டியவன், கம்பளை பஸ்ஸில் ஏறினேன். தவறி ஏறவில்லை. அங்கே இருக்கிற உன் பெரியப்பாவை, என் அண்ணனை, பார்க்கத்தான் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பேராதனை தாண்டியது, நம் ஊர்க் கங்கை கூடவே வந்தது, அண்ணனுக்குச் சீனி இல்லாத பிஸ்கட் வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு சுகமாக இருந்தேன். கம்பளையில் இறங்கி இரண்டு எட்டு வைத்ததும், அவர் செத்து நாலு வருடம் ஆகிறது என்பது திரும்பி வந்தது. யாரோ பின்னால் இருந்து தோளைத் தட்டிச் சொன்னதுபோல. பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பஸ் நிலையத்தில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பினால் எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்பாளே என்று, சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். "கண்டியில கத்தரிக்கா இல்லாமயா கம்பளைக்குப் போனீங்க?" என்றாள். "அங்க பிஞ்சா இருக்கும்," என்றேன். சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, "நெசந்தான், நல்லாத்தான் இருக்கு," என்றாள். அந்தப் பாராட்டைப்போல் என்னைப் பயமுறுத்தியது எதுவுமில்லை. இப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு பல வருடம் ஓட்டலாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் "ஆமாப்பா" என்று சொல்லி அதற்கு உதவி செய்வாய்.

பெரியப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடைசி வருடத்தில் அவருக்கு எவரையும் தெரியாமல் போனது உனக்குத் தெரியும். அவர் வீட்டு முன்னறையில் என்ன நடந்தது என்பதை நீ கொழும்பில் இருந்ததால் பார்க்கவில்லை. நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம். ஞாபகம் போனவர் ஒருவர் இருக்கிறார் என்றால் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து, கதிரையை அவர் முகத்துக்கு நேரே இழுத்துப் போட்டு, "என்னையத் தெரியுதா? யாரு சொல்லுங்க பாப்போம்!" என்று சத்தமாகக் கேட்பார்கள். ஞாபகம் போனவருக்குக் காதும் போய்விடும் என்பது பொது நம்பிக்கை. தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் காட்டி, "இவங்களயாச்சும் தெரியுதா?" வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வினாத்தாள் கொண்டுவருவார்கள். அண்ணன் நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். "தெரியும், தெரியும், இருங்க, டீ குடிங்க" என்பார். அப்படிச் சொல்லும்போது அவருடைய கண் ஒவ்வொரு முகமாக உதவி தேடி ஓடும். அவர்கள் சிரிப்பார்கள். பரீட்சையில் தவறியவரின் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள்.

நானும் கேட்டேன். கதிரையை இழுத்துப் போட்டேன். "அண்ணே, நான் யாரு?" என்று மூன்று தடவை கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பெரியம்மாவிடம், "தூரத்துல இருந்து வந்திருக்காரு போல, சோறு போட்டு அனுப்புங்க," என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். அடுத்த மாதம் அதையே இந்தச் சஞ்சிகையில் ஒரு கிண்டலாக எழுதினேன். பெயர் போடவில்லை என்றாலும், மறதி பிடித்த அண்ணன் தம்பியை விருந்தாளி ஆக்கிய கதை என்று கம்பளையில் எல்லோருக்கும் தெரியும். நன்றாக இருந்ததென்று நாலு பேர் சொன்னார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதியதில் திரும்பப் பெறமுடியாத கட்டுரை அதுதான். இதை நான் மறந்துபோவதற்கு முன்னால் அச்சில் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதும் இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம்.

நேற்றுப் பிற்பகல், அலுமாரியின் மேலிருந்த பழைய யந்திரத்தை இறக்கினேன். அம்மா தட்டைத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டாள். ஓடியது. கடைசி வார்டுக்கு வெளியே உள்ள பதிவேட்டில் உன் கையெழுத்து இருந்தது, அதற்குப் பிறகு என்னுடையது. அதிலிருந்து தொடங்கினோம். அம்மா இதுவரை இந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை. "இந்தப் புள்ளைக்கு இருட்டுல என்னா வேல?" என்று கேட்டுக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிவைப் பார்த்தோம். இதோ என் திருத்திய ஒப்பீடு.

இரண்டிலும் முடிவு ஒன்றுதான். இரண்டிலும் அப்பாவுக்கு அவளைத் தெரியவில்லை, இரண்டிலும் அவள் தனியேதான் போகிறாள், இரண்டிலும் பாலம் இல்லை. வித்தியாசம் விளக்கில் இருக்கிறது. புதிய விளக்குக்காரி கட்டிலருகே போய் விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். தோலின் துளைகள் தெரிகின்றன, வாயோரத்து எச்சில் தெரிகிறது, அவ்வளவு நேர்த்தி. "என்னைத் தெரிகிறதா? நான் யார்? நான் யார் என்று சொல்லுங்கள்" என்று கேட்கிறாள். கண் கூசி அவர் முகத்தைச் சுளிக்கிறார். அங்கே எனக்கு அண்ணனின் முன்னறை ஞாபகம் வந்தது. ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றுதான் குறை.

பழையவள் அப்படிச் செய்வதில்லை. ஒரு பொத்தானை அழுத்து என்று வருகிறது. அழுத்தினால், அதுவரை வெளியே மட்டும் நீட்டிப் பிடித்திருந்த விளக்கை அவள் தன் முகத்துக்குத் திருப்புகிறாள். விளையாட்டு முழுவதிலும் அவள் முகம் வெளிச்சத்தில் தெரிவது அந்த ஒரு தடவைதான். கேள்வி கேட்பதில்லை. தன் பெயரைச் சொல்கிறாள். "உங்கள் மகள்" என்கிறாள். கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு விளக்கைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு இருட்டுக்குள் நடக்கிறாள். பழைய யந்திரம் பலவீனமானது, அந்த அப்பாவின் முகமே நாலு சதுரங்கள்தான். ஆனால் அவள் நடக்கத் தொடங்கும்போது அவர் தலையைக் கொஞ்சம் திருப்புகிறார். அல்லது திருப்புவதுபோல் எனக்குத் தெரிந்தது. புதியதில் அது இல்லை, இரண்டு முறை சரிபார்த்தேன். பழையதில் இருக்கிறதா என்று நான் சாட்சி சொல்ல முடியாது. ஒரு முழுப் பாலத்தையே கட்டிவிட்டு மறந்தவன், ஒரு தலையசைவைக் கட்டமாட்டேனா?

செவ்வாய்க்கிழமை கடிகாரம் வரையச் சொல்வார்களாம், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்களாம். நான் பயிற்சி எடுக்கிறேன். "பரீட்சைக்குக் கேள்வித்தாளப் பாத்துட்டுப் போறது கள்ளத்தனம்," என்கிறாள் அம்மா. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது வரை ஓடுகிறது. அதற்குப் பிறகு பயத்தில் ஓடுவதில்லையா, ஓடாததால் பயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை இது வயதுக்குரிய சாதாரண மறதி என்று சொல்லி அனுப்பிவிடலாம். அனுப்பினால் இந்தக் கடிதம் முழுவதும் வெறும் பீதி என்று நீயும் நானும் சிரிக்கலாம். சிரிப்புப் படம் ஆறு போடு. ஆனால் அப்படிச் சொன்னாலும், வேறு எதைச் சொன்னாலும், நீ பயணச்சீட்டை முந்திய திகதிக்கே மாற்றிவிடவேண்டும். நீ இங்கே கதிரை போட்டு உட்கார்ந்து காவல் காத்தால் என் மறதி குறையப்போவதில்லை. நான் ஒளிக்கிற கத்தரிக்காய்தான் கூடும். இரண்டு பெண்களை ஏமாற்றுவது என் வயதுக்குக் கடினம்.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசு. நான் எதையாவது பிழையாகச் சொன்னால் "இல்லப்பா" என்று சொல். சண்டை பிடிப்பேன், ஆதாரம் கேட்பேன், போனை வைத்துவிடவும் கூடும். அப்போதும் "இல்லப்பா" என்றே சொல். பதினொரு வயதில் நீ தாங்கமாட்டாய் என்று நான் முடிவு செய்து உனக்கு ஒரு பாலம் கட்டிக் கொடுத்தேன். அது பிழையா சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது நீ எனக்குக் கட்டித் தராதே. அதன்மேல் நான் நம்பிக் கால் வைத்துவிடுவேன்.

பிறகு, அந்த நாள் ஒன்று வந்தால், நீ எங்கிருந்தாவது வந்து இந்த முன்னறைக்குள் நுழையும்போது, நான் உன்னை வாங்க, இருங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டால், கதிரையை என் முகத்துக்கு நேரே இழுக்காதே. நான் யார் என்று கேட்காதே. நான் முப்பத்திரண்டு வருடம் பரீட்சை எழுதாமல் சம்பளம் வாங்கியவன், எனக்கு அது பழக்கமில்லை. விளக்கை உன் முகத்துக்குப் பிடி. "பாப்பா வந்திருக்கேன்ப்பா," என்று சொல். அவ்வளவு போதும். எனக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பது உனக்குத் தெரியாமல் போகலாம். என் முகமும் அன்றைக்கு நாலு சதுரமாகத்தான் இருக்கும். ஆனால் போகும்போது உடனே திரும்பி நடந்துவிடாதே. ஒரு நிமிடம் நின்று பார்.

அந்தத் தலையசைவு உண்மைதானா என்று என் வார்த்தையை நம்பவேண்டாம். அம்மாவை இன்று காலை தனியே உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதன் அடியில் தன் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். முப்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் இரக்கப்பட்டு அரைப் புள்ளி போட்டதில்லை அவள். என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

அப்பா

மூன்று தடவை பார்த்தேன். திருப்புகிறார். வலது பக்கம், கொஞ்சம்தான். பயணச்சீட்டை மாற்று.
அம்மா